அத்தியாயம் 3: மேகக் கணிமையில் கோடும் கூரையும்

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கெல்லையில், ரைன் நதிக்கரையில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில், 2021 மார்ச் 10ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் ஒரு கட்டடம் தீப்பற்றிக்கொண்டது. ஐந்து மாடிகள் கொண்ட அந்தக் கட்டடம் ஓ.வி.எச். கிளவுட் என்ற ஸ்தாபனத்துக்குச் சொந்தமானது. வரிசை வரிசையாக அதனுள் அடுக்கப்பட்டிருந்த சர்வர்களில், பல தேசங்களைச் சேர்ந்த வியாபாரிகளும் பத்திரிகைகளும் அலுவலகங்களும் தங்கள் வலைத்தளங்களையும் கணக்குகளையும் கோப்புகளையும் குடிவைத்திருந்தார்கள். பொழுது விடிவதற்குள் கட்டடம் முற்றிலும் அழிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் எரிந்துபோயிற்று. ஒருவருக்கும் காயமில்லை என்பதுதான் ஆறுதல். ஸ்தாபனத்தின் தலைவர் ஒக்டாவ் க்ளபா, வாடிக்கையாளர்கள் தத்தம் ஆபத்துக்கால மீட்புத் திட்டத்தைச் செயற்படுத்திக்கொள்ளுமாறு அன்றே அறிவித்தார். அப்படியொரு திட்டத்தை முன்கூட்டி வகுத்து, வேறோர் ஊரில் நகலும் வைத்திருந்தவர்கள் மீண்டும் எழுந்து நிற்க முடிந்தது. மேகத்தில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நிம்மதியாக இருந்தவர்களில் பலருக்கு மீட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ரஸ்ட் என்னும் இணைய விளையாட்டை நடத்திவந்தவர்கள், தங்கள் ஐரோப்பிய சர்வர்களில் இருந்த விவரங்கள் திரும்பப் பெற இயலாதபடி போய்விட்டன என்று அறிவிக்க நேர்ந்தது.

மேகம் என்ற பெயரே இந்த மயக்கத்துக்கு முதற் காரணம். வலையமைப்பின் வரைபடம் போடும் பொறியாளர்கள், தங்கள் பொறுப்புக்கு அப்பாற்பட்ட பகுதியை, அதன் உள்விவரம் தங்கள் வேலைக்கு அவசியமில்லை என்பதால், ஒரு மேகத்தின் உருவமாக வளைத்து வரைந்துவிட்டு மேலே செல்வது நெடுநாளைய வழக்கம். படத்தில் இருந்த அந்த மேகமே பிற்பாடு தொழிலுக்குப் பெயராயிற்று. உண்மையில் மேகக் கணிமையில் ஆகாயத்தில் இருப்பது ஒன்றுமில்லை. சுவரும் இரும்புச் சட்டங்களும் குளிரூட்டும் யந்திரங்களும் டீசல் ஜெனரேட்டரும் காவற்காரரும் உள்ள ஓரிடத்தில், பிறருக்குச் சொந்தமான கணினியில், வாடகை கொடுத்து நாம் குடியிருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

வாடகைக் குடித்தனம் என்று வந்துவிட்டால் இரண்டு விஷயங்களை முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் பொறுப்பு எதுவரை, நம்முடைய பொறுப்பு எதுமுதல் என்பது ஒன்று; அந்தக் கூரையின் கீழ் நம்மோடு வேறு யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதற் கேள்வியின் விடைகளைச் சேவை மாதிரிகள் என்றும், இரண்டாம் கேள்வியின் விடைகளை நிறுவல் வகைகள் என்றும் இத்துறையின் நூல்கள் பெயரிட்டு வகுக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் பிரயோஜனம் அதிகமில்லை. கோடு எங்கே விழுகிறது, கூரை யாருடன் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பெயர்கள் தாமாகவே மனத்தில் நின்றுவிடும்.

கணினியின் சக்தியை மின்சாரத்தையும் டெலிபோனையும் போலப் பொதுச் சேவையாக வழங்கலாம் என்ற எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1961ஆம் ஆண்டில், அங்கே சொற்பொழிவாற்றிய ஜான் மெக்கார்த்தி என்ற கணினி விஞ்ஞானி இக்கருத்தை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அது நடைமுறைக்கு வந்து, சாமானிய வியாபாரியின் கைக்கும் எட்டுவதற்கு இன்னும் 45 ஆண்டுகள் வேண்டியிருந்தன. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசான் நிறுவனம் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 என்ற சேவையையும், ஆகஸ்டு மாதத்தில் கணினிகளையே வாடகைக்கு விடும் ஈசி2 என்ற சேவையையும் தொடங்கிற்று. மணிக்கு 10 சென்ட் கொடுத்தால் ஒரு கணினி. அதற்கு முன்னால், சர்வர் ஒன்று வேண்டுமென்றால் விலைப்புள்ளி கேட்டு, ஆர்டர் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, வந்திறங்கியதும் அதற்கோர் அறையும் ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் தேடி, ஆளையும் அமர்த்தியாக வேண்டும். அத்தனையும் முடிந்த பிறகு அந்த யந்திரம் நம் தேவைக்கு மிகச் சிறியது என்றோ, மிகப் பெரியது என்றோ தெரியவரும்.

எது மேகக் கணிமை, எது அன்று என்பதற்கு இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இலக்கணத்தை, நிஸ்ட் என்று சுருக்கமாக வழங்கும் அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்டது. பீட்டர் மெல், திமோதி கிரான்ஸ் என்ற இருவர் எழுதிய சிறு ஏடு அது. ஐந்து லட்சணங்கள், மூன்று சேவை மாதிரிகள், நான்கு நிறுவல் வகைகள் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். லட்சணங்களாவன: யாருடைய தயவையும் எதிர்பாராமல் வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள இயல்வது, வலையின் வழியாக எந்தச் சாதனத்திலிருந்தும் அணுக இயல்வது, ஒரே பொதுக் களஞ்சியத்திலிருந்து பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது, தேவைக்குத் தக்கபடி உடனுக்குடன் விரிவதும் சுருங்குவதும், பயன்படுத்திய அளவை அளந்து கணக்கிடுவது. இந்த ஐந்தையும் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். ஒரு விற்பனையாளர் தம்முடைய சரக்கும் கிளவுட்தான் என்று சொல்லிவிட்டு, இன்னுமொரு கணினி வேண்டுமானால் கடிதம் எழுதுங்கள், பத்து நாளில் ஏற்பாடு செய்கிறோம் என்பாரானால், அவர் விற்பது நல்ல சரக்காகவே இருக்கலாம். மேகக் கணிமை மட்டும் அன்று.

இனிக் கோட்டுக்கு வருவோம். நம் ஊர்க் கலியாணச் சமையலை உதாரணமாக எடுத்துக்கொண்டால் இது சுலபமாக விளங்கும். மண்டபத்தை வாடகைக்குப் பிடிக்கிறோம். அடுப்பும் அண்டாவும் தண்ணீரும் மண்டபத்தார் கொடுக்கிறார்கள். மளிகைப் பட்டியல் போட்டுச் சாமான் வாங்குவதும், சமையற்காரரை அமர்த்துவதும், பரிமாற ஆள் சேர்ப்பதும் நம்முடைய காரியம். இது ஒரு விதம். மண்டபத்தாரே சமையற்கட்டை ஆட்களோடு நடத்துகிறார்கள். அடுப்பு மூட்டுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரையில் அவர்களே பார்த்துக்கொள்ள, நம் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் நின்று, நம் வீட்டுப் பக்குவத்தில் இன்ன இன்ன பதார்த்தம் செய்யுங்கள் என்று சொன்னாற் போதும். இது இரண்டாவது விதம். இலைக்கு இவ்வளவு என்று பேசி, முழுவதையும் காண்ட்ராக்டில் விட்டுவிட்டு, நாமும் விருந்தாளிகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது மூன்றாவது விதம். உட்கட்டமைப்புச் சேவை, தளச் சேவை, மென்பொருள் சேவை என்று மேகக் கணிமையில் சொல்லப்படுபவை இம்மூன்றே. தொழிலில் உள்ளவர்கள் ஐயாஸ், பாஸ், சாஸ் என்று பேசிக்கொள்வதும் இவற்றைத்தான். ஆயினும் இந்த உபமானம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது: விருந்து முடிந்தால் மண்டபத்தோடு நமக்குச் சம்பந்தம் தீர்ந்துபோகிறது, மேகத்திலோ நம்முடைய தகவல்கள், நாம் எழுந்து போன பிறகும், அங்கேயே இருக்கின்றன.

உட்கட்டமைப்புச் சேவையில் கணினி ஒன்றை வாடகைக்கு எடுப்பது எப்படியிருக்கும் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மற்ற இரண்டையும் எடைபோடுவதற்கு அதுவே அளவுகோலாக அமையும். திரையின் முன் உட்கார்ந்ததும், எந்தப் பிராந்தியத்தில் வேண்டும் என்ற கேள்வி முதலில் வருகிறது. அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும், மைக்ரோசாப்டின் அஷ்யூருக்கு 2015 முதல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும் நிலையங்கள் இருக்கின்றன. மதுரையில் உள்ள வாடிக்கையாளருக்காக விர்ஜீனியாவில் சர்வர் வைத்தால், அவர் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் சமுத்திரங்களைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அடுத்தபடியாக எந்த இயங்குதளம், எத்தனை கோர், எத்தனை ஜி.பி. நினைவகம், எவ்வளவு டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு ஒரு சாவிக் கோப்பு உண்டாகிறது. அதை அந்த ஒரு தடவைதான் இறக்கிக்கொள்ள முடியும். தொலைத்துவிட்டால் நிறுவனத்தாரிடம் மறுசாவி கிடையாது. கடைசியாக ஃபயர்வால் விதிகள் வருகின்றன. நிர்வாகத்துக்கென்று உள்ள 22ஆம் எண் போர்ட்டை எந்த முகவரியிலிருந்து திறக்கலாம் என்ற கட்டத்தில், 0.0.0.0/0 என்று இருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம் என்று அர்த்தம். அப்படி விட்டுவைத்த கணினியின் பதிவேட்டைச் சில மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து ரூட் என்றும் அட்மின் என்றும் பெயர் சொல்லி உள்ளே நுழைய முயன்ற தடயங்கள் வரி வரியாக இருக்கும். ஆகவே அந்த இடத்தில் நம் அலுவலகத்தின் முகவரியை மட்டும் எழுதிவிட்டே அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய ஓரிரு நிமிஷங்களில் கணினி தயார்.

அந்த நிமிஷம் முதல், கட்டடமும் மின்சாரமும் வன்பொருளும், அதன் மேல் கணினிகளைப் பகுத்துக் கொடுக்கும் மென்பொருளும் அவர்கள் பொறுப்பு. இயங்குதளமும், அதன் பாதுகாப்புத் திருத்தங்களும், அதன் மேல் ஏற்றும் தரவுத்தளமும், கடவுச்சொற்களும், நகல் எடுப்பதும் முழுக்க முழுக்க நம் பொறுப்பு. சொந்த சர்வரை நிர்வகிக்கத் தெரிந்த ஓர் ஆள் இல்லாத ஸ்தாபனம் இந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது உசிதமன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். சுதந்திரம் இதில்தான் அதிகம்; பராமரிப்பும் இதில்தான் அதிகம்.

கணக்கைப் பற்றியும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறு பதிப்பகம் ஒன்றுக்காக, அவர்களுடைய விற்பனைக் கணக்கை மேகத்துக்கு மாற்ற முடியுமா என்று பரீட்சித்துப் பார்க்க, இரண்டு நாளைக்கென்று ஒரு கணினியை எடுத்தேன். வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட்டேன். மறுமாத பில்லில், ஓடாத அந்தக் கணினியின் டிஸ்குக்கு ஒரு வரி, அதற்கென்று ஒதுக்கிவைத்த நிலையான ஐ.பி. முகவரிக்கு ஒரு வரி, நடுவில் எடுத்த இரண்டு நகல்களுக்கு ஒரு வரி என்று மூன்று வரிகளில் பணம் ஏறியிருந்தது. தொகை பெரிதன்று, ஆனால் அது யாரும் கவனியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடிய தொகை. நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. நிறுத்திய கணினி ஓடுவதற்குத்தான் கட்டணம் கிடையாதே தவிர, அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கட்டணம் உண்டு. பதிப்பகத்தாருக்கு அன்று நான் எழுதிக் கொடுத்த மூன்று விதிகளையே வாசகருக்கும் சொல்கிறேன்: கணக்கைத் திறந்த முதல் நாளே, இன்ன தொகையைத் தாண்டினால் மின்னஞ்சல் வரவேண்டும் என்று வரம்பு எச்சரிக்கை வைத்துவிடுங்கள், எடுக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் எதற்காக, யாருக்காக என்று பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள், மாதம் ஒருமுறை பில்லை வரிவரியாக வாசியுங்கள்.

தளச் சேவையில் கோடு இன்னும் மேலே ஏறுகிறது. இயங்குதளமும் அதன் திருத்தங்களும்கூட அவர்கள் பக்கம் போய்விட, நாம் எழுதிய நிரலும் நம்முடைய தகவல்களும் மட்டும் நம் பக்கம் நிற்கின்றன. 2007இல் தோன்றிய ஹெரோக்குவும், 2008 ஏப்ரலில் கூகிள் வெளியிட்ட ஆப் எஞ்சினும் இந்த வழியின் முன்னோடிகள். நிரலை ஒப்படைத்துவிட்டால், அதை ஓட்டுவதும், கூட்டம் வந்தால் கூடுதல் கணினிகளில் ஏற்றுவதும், கூட்டம் கலைந்தால் குறைப்பதும் தளத்தாரின் வேலை. 2014இல் அமேசான் தொடங்கிய லாம்டா இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், ஒரு வேலை நடக்கும் சொற்ப நேரத்துக்கு மட்டும் கட்டணம் என்றாக்கிற்று. இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த மாதிரியைத்தான். சர்வரைக் கட்டி அழும் நேரத்தை அவர்கள் தங்கள் செயலிக்குச் செலவிடலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தத் தளத்துக்கே பிரத்தியேகமான வசதிகளை எவ்வளவுக்கெவ்வளவு உபயோகிக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அங்கிருந்து வெளியேறுவது கடினமாகும். ஆதலால் நிரலின் மையப் பகுதியை எங்கும் ஓடும்படி எழுதி, தளத்தோடு பேசும் பகுதியைத் தனியே ஒதுக்கிவைப்பது விவேகம்.

மென்பொருள் சேவையை வாசகர் ஏற்கெனவே உபயோகித்துக்கொண்டிருக்கிறார். 2004இல் வந்த ஜிமெயில் அதுதான். 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், வியாபார மென்பொருளைப் பெட்டியில் போட்டு விற்காமல் மாதச் சந்தாவுக்கு வலைவழியே தரலாம் என்று காட்டிற்று. தமிழ்நாட்டுக்கும் இந்த மாதிரியில் உரிய இடம் உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் பெயர் மாறிய ஜோஹோவும், 2010இல் சென்னையில் தோன்றி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஃபிரெஷ்வொர்க்ஸும் உலகெங்கும் விற்பது மென்பொருள் சேவையைத்தான்.

இந்த மாதிரியில் நம் பக்கம் ஒன்றுமே மிச்சமில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. யார் யாருக்கு உள்ளே நுழைய அனுமதி என்று தீர்மானிப்பதும், அலுவலகத்தை விட்டு ஒருவர் விலகிய நாளிலேயே அவருடைய கணக்கை மூடுவதும், கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் கட்டாயமாக்குவதும், நம் தகவல்களை வேறு மென்பொருள் வாசிக்கக்கூடிய வடிவத்தில் அவ்வப்போது வெளியே எடுத்து வைப்பதும் நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

கோடு எந்த இடத்தில் விழுந்தாலும் தகவல்களும் அவற்றுக்கான அனுமதிகளும் எப்போதும் நம் பக்கத்திலேயே நிற்கின்றன என்பதற்கு, 2019இல் அமெரிக்காவில் கேபிட்டல் ஒன் என்ற வங்கிக்கு நேர்ந்ததை விட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கானடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் அந்த வங்கியின் மேகக் கணக்கிலிருந்து களவுபோயின. மேக நிறுவனத்தின் கட்டடத்தில் எவரும் புகவில்லை. அதன் அடித்தள யந்திரங்களும் உடைபடவில்லை. வங்கியின் பக்கத்தில் ஒரு ஃபயர்வால் தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஃபயர்வாலுக்கு வேண்டியதற்கு மேல் அனுமதியும் கொடுக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

கூரையின் விஷயம் இதைவிடச் சுருக்கமானது. பொது மேகம் என்பது பணம் கொடுக்கும் யாருக்கும் திறந்திருப்பது. ஒரே யந்திரத்தில் நம் கணினிக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய கணினியும் ஓடிக்கொண்டிருக்கும், நடுவே மென்பொருளால் எழுப்பிய சுவர் இருக்கும். தனி மேகம் என்பது ஒரே ஸ்தாபனத்துக்கென்று ஒதுக்கியது. அது அந்த ஸ்தாபனத்தின் சொந்தக் கட்டடத்திலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொருவர் நடத்தும் நிலையத்திலும் இருக்கலாம். இடத்தை வைத்தன்று, யாருக்காக என்பதை வைத்தே பெயர். அதேபோல், அலுவலகத்தின் மூலையில் நாலு சர்வர்களை அடுக்கிவிட்டால் அது தனி மேகம் ஆகிவிடாது. முன்னே சொன்ன ஐந்து லட்சணங்களும் உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். நாசா விண்வெளி நிறுவனமும் ராக்ஸ்பேஸ் கம்பெனியும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் என்ற கட்டற்ற மென்பொருள், தனி மேகம் அமைப்போர் பலருக்கும் அஸ்திவாரமாக இருந்துவருகிறது.

ஒரே விதமான தேவையும் ஒரே விதமான சட்டக் கட்டுப்பாடும் உள்ள பலர் கூடி ஒரு கூரையைப் பகிர்வது சமூக மேகம். ரிசர்வ் வங்கி 1996இல் ஹைதராபாத்தில் நிறுவிய, ஐ.டி.ஆர்.பி.டி. என்று வழங்கும் வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம், வங்கிகளுக்கென்றே இப்படியொரு மேகத்தை அமைத்தது. மத்திய அரசாங்கம் மேகராஜ் என்ற பெயரில், தேசியத் தகவலியல் மையத்தின் வாயிலாக 2014 முதல் அரசாங்க இலாகாக்களுக்கு வழங்கிவரும் சேவையையும் இந்த இனத்திலேயே சேர்க்கலாம். கூட்டுறவுச் சங்கங்களும் நூலகங்களும் இந்த வகையைப் பற்றி யோசித்துப் பார்ப்பது பயனுள்ள காரியம்; தனித்தனியே ஒருவராலும் தாங்க முடியாத நிர்வாகச் செலவைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ளலாம்.

நான்காவதான கலப்பு மேகத்தைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். அலுவலகத்தில் ஒரு சர்வரும் பொது மேகத்தில் ஒரு வலைத்தளமும் வைத்திருப்பவர்கள் தாங்கள் கலப்பு மேகம் நடத்துவதாகச் சொல்லிக்கொள்வது உண்டு. இரண்டு வெவ்வேறு மேகங்கள் தனித்தனி உருவோடு இருந்தும், தகவலும் செயலியும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரக்கூடியபடி பிணைக்கப்பட்டிருந்தால்தான் அது கலப்பு. இத்தகைய ஏற்பாட்டுக்குச் சட்டமே காரணமாவதும் உண்டு. பணப் பட்டுவாடா சம்பந்தமான தகவல் முழுவதையும் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டு, ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. அந்தத் துறையில் இருப்பவர், எந்தத் தகவல் எந்தக் கூரையின் கீழ் என்று பிரித்தே தீரவேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது; நம் வேலையின் ஏற்ற இறக்கமே விடையைத் தீர்மானிக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான திசையில் சென்ற இரண்டு நிறுவனங்களின் சரித்திரம் இதை நன்றாக விளக்கும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் 2008 ஆகஸ்டில் பழுதுபட்டு, மூன்று நாள் அவர்களால் டி.வி.டி.க்களை அனுப்ப முடியாமற் போயிற்று. அதன் பிறகே சொந்த நிலையத்தை விட்டுப் பொது மேகத்துக்குக் குடிபெயரத் தீர்மானித்தார்கள். இருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைக்காமல் பெரும்பாலும் புதிதாகவே எழுதி மாற்றியதால், 2016 ஜனவரியில்தான் அந்தக் குடிபெயர்ப்பு நிறைவேறியது. ஏறக்குறைய ஏழரை ஆண்டு. ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம். அதே 2016இல் டிராப்பாக்ஸ் நிறுவனம் எதிர்த்திசையில் நடந்தது. தன் வாடிக்கையாளர்களின் கோப்புகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றைப் பொது மேகத்திலிருந்து எடுத்துத் தான் சொந்தமாகக் கட்டிய சேமிப்பகத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தது. இருவர் செய்ததும் சரியே. படம் பார்ப்போர் கூட்டம் மாலையில் ஏறி விடியலில் இறங்குவது. கோப்புகளோ நாள்தோறும் ஒரே சீராகப் பெருகிக்கொண்டு, அசையாமல் கிடப்பவை. சீரான பெருஞ்சுமைக்குச் சொந்த வீடு கட்டுப்படியாகும்; எப்போதோ வரும் கூட்டத்துக்கு வாடகை மண்டபமே கட்டுப்படியாகும். பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் சில மணி நேரத்துக்கு லட்சக்கணக்கானோர் ஒரே வலைத்தளத்தை மொய்ப்பதும், மற்ற நாட்களில் அங்கே ஈ காக்கையும் எட்டிப் பாராமல் இருப்பதும் நாம் அறிந்ததே. பொது மேகத்துக்கு அதைவிடப் பொருத்தமான காரியம் எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தில் காணப்படும் எண்களையும் தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை இருக்கும் என்றால், 30 நாளின் 43,200 நிமிஷங்களில் 43 நிமிஷம் இல்லாமற் போனாலும் வாக்குத் தவறவில்லை என்று பொருள். 99.99 என்றால் அது நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேல். வாக்குத் தவறினால் கிடைக்கும் பரிகாரம், பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு கழிவு. நம் கடை அத்தனை நேரம் மூடியிருந்ததால் வந்த நஷ்டத்துக்கு ஈடு அன்று. மிகப் பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்கிறது. 2017 பிப்ரவரி 28ஆம் தேதி, அமேசானின் வடக்கு விர்ஜீனியா நிலையத்தில் ஊழியர் ஒருவர் தட்டச்சிட்ட கட்டளை ஒன்றில் ஏற்பட்ட பிழையால், உத்தேசித்ததற்கு மேற்பட்ட சர்வர்கள் நீக்கப்பட்டு, எஸ்3 சேவை சுமார் நான்கு மணி நேரம் தடைபட்டது. வெளியேறும் செலவையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தகவலை உள்ளே ஏற்றுவதற்குப் பெரும்பாலோர் ஒன்றும் வாங்குவதில்லை. வெளியே இறக்குவதற்கு ஜி.பி. கணக்கில் வாங்குவோர் உண்டு. பத்து ஆண்டுத் தகவல் சேர்ந்த பிறகு அந்த விகிதத்தைப் பார்த்துத் திகைப்பதைவிடக் கையெழுத்திடும் முன்பே பார்த்துவிடுவது மேல்.

இவ்வளவையும் கருதிய பிறகு, கையெழுத்திடுவதற்கு முன் ஒரு முழுத் தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் அவர்கள் பொறுப்பு, வலது பக்கம் நம் பொறுப்பு. கட்டடம், வன்பொருள், இயங்குதளம், திருத்தங்கள், செயலி, அனுமதிகள், தகவல், நகல், நகலை மீட்டுப் பரீட்சித்தல் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்து, எந்தப் பக்கம் என்று விற்பனையாளரையே சொல்லச் சொல்லுங்கள். வலது பக்கத்தில் விழுந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் அலுவலகத்தில் யார் பார்க்கிறார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வரிகள் பல இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த சேவை உங்களுக்கு ஒரு படி கீழே இருக்கிறது. கோட்டை மேலே ஏற்றிக்கொண்டு, தளச் சேவைக்கோ மென்பொருள் சேவைக்கோ போங்கள்.

ஏற்கெனவே மேகத்தில் குடியிருக்கும் வாசகரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நகல், அசல் இருக்கும் அதே கட்டடத்தில், அதே ஊரில் இருக்கிறதா என்பதை இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் நகலையும் அசலோடு இழந்தவர்கள் உண்டு. இந்த வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த நகலிலிருந்து ஒரே ஒரு கோப்பையாவது மீட்டு, உங்கள் கணினியில் திறந்து, அதனுள்ளே எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.